ஆர்லிங்டன் தேசிய இராணுவ மயானத்தின் வரலாறு

அலகு: அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861 – 1865)

ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வோஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமக் ஆற்றின் மறுகரையில், வேர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டன் தேசிய மயானம் அமைந்துள்ளது. இங்கு 400,000 இற்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தனியார் காணியொன்று தேசிய மயானமாக மாறிய வரலாறு உள்நாட்டுப் போரின் தன்மையையும் அதன் விளைவுகளையும் விளங்கிக்கொள்ள உதவுகின்றது.

1. காணியின் பின்னணி

ஜோர்ஜ் வோஷிங்டனின் வளர்ப்புப் பேரனான கஸ்டிஸ் என்பவர், அடிமைகளின் உழைப்பைக் கொண்டு இக்காணியில் மாளிகையொன்றைக் கட்டுவித்தார். அவரது மகள் மேரி, 1831 இல் இராணுவ அதிகாரியான ரொபேர்ட் ஈ. லீயை மணந்தார். 1857 இல் கஸ்டிஸ் இறந்தார். அவரது மரண சாசனத்தின்படி காணியின் சீவிய உரித்து மேரிக்கும், அவருக்குப் பின்னர் காணி அவரது மூத்த மகனுக்கும் உரியதாயிற்று.

2. அரசு காணியைப் பெறுதல்

1861 ஏப்ரலில் வேர்ஜீனியா பிரிந்து செல்லத் தீர்மானித்தபோது, லீ பதவி துறந்து தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். மே மாதத்தில் வடபகுதிப் படைகள் காணியைக் கைப்பற்றின. பின்னர் இதற்கு 92.07 டொலர் வரி விதிக்கப்பட்டது. மேரி உறவினர் ஒருவர் மூலம் பணத்தை அனுப்பினார். உரிமையாளர் நேரில் வந்தே செலுத்த வேண்டும் எனக் கூறி அதிகாரிகள் அதை ஏற்க மறுத்தனர். 1864 ஜனவரியில் நடைபெற்ற ஏலத்தில் அரசே காணியை 26,800 டொலருக்கு வாங்கியது.

3. மயானம் உருவாதல்

போரில் இறந்தோர் தொகை பெருகியதால் தலைநகரிலிருந்த மயானங்கள் நிரம்பின. 1864 மே 13 இல் வில்லியம் கிறிஸ்ட்மன் என்ற சாதாரண சிப்பாய் ஆர்லிங்டனில் முதலாவதாக அடக்கம் செய்யப்பட்டார். அவர் போர்க்களத்தில் அன்றி நோயினால் இறந்தவர். ஜூன் 15 இல் அது முறைப்படி மயானமாக்கப்பட்டது. படை வழங்கல் அதிகாரி மெய்க்ஸ், லீ குடும்பம் மீண்டும் குடியேறாதிருக்க, மாளிகையை ஒட்டியே சடலங்களை அடக்கம் செய்வித்தார்.

4. நீதிமன்றத் தீர்ப்பு

மேரியின் மூத்த மகன் காணியை மீளக் கோரி வழக்குத் தொடர்ந்தார். 1882 இல் உயர் நீதிமன்றம், உரிய சட்டமுறையின்றிக் காணி பறிக்கப்பட்டதென 5 இற்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. 1883 இல் அரசு 150,000 டொலர் செலுத்திக் காணியைச் சட்டபூர்வமாக வாங்கியது.

5. பிற்கால மாற்றங்கள்

• கறுப்பினப் படைவீரர் தனிப் பகுதியிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். இப்பாகுபாடு 1948 இலேயே நீக்கப்பட்டது.
• 1921 நவம்பர் 11 இல் முதலாம் உலகப் போரில் இறந்த, பெயர் அறியப்படாத வீரர் ஒருவர் இங்கு அடக்கம் செய்யப்பட்டார்.
• வியட்நாம் போரின் பெயர் அறியப்படாத வீரர் 1984 இல் அடக்கம் செய்யப்பட்டார். 1998 இல் மரபணுப் பரிசோதனை மூலம் அவர் அடையாளம் காணப்பட்டுக் குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்கல்லறை இன்றும் வெறுமையாகவே உள்ளது.
• 1963 இல் ஜனாதிபதி கென்னடி இங்கு அடக்கம் செய்யப்பட்டார்.

கவனிக்க: ஆர்லிங்டன் தளபதி லீயின் சொந்தக் காணி எனச் சிலர் எழுதுவர். இது தவறாகும். அது அவரது மனைவியின் தந்தைவழிச் சொத்தாகும்.

மாதிரி வினா

1882 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முக்கியத்துவம் யாது? (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: காணியைக் கோரியவர் எதிரணித் தளபதியின் மகன். அவரும் அப்படையில் பணியாற்றியவர். காணியிலோ ஆயிரக்கணக்கான வீரர்களின் கல்லறைகள் இருந்தன. அவ்வாறிருந்தும் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. எனவே போரில் வென்ற அரசும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டது என்பதையும், தோற்ற தரப்பினரின் சொத்துரிமையும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதையும் இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது.