குடும்பங்களுக்கான சட்ட ஏற்பாடு: மும்பைத் தமிழ்ப் பகுதிகள் உணர்த்தும் பாடம்

மும்பையில் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதிகளுள் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தோர் தாராவியில் தங்கினர். எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தோர் மாதுங்காவில் குடியமர்ந்தனர். விடுதலைக்குப் பின் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அணு ஆராய்ச்சி மையமும் எழுந்தபோது, அவற்றில் பணியேற்ற பலர் செம்பூரை நாடினர்.

இம்மூன்று பகுதிகளின் குடும்பங்கள் வருவாயில் வேறுபட்டவை. ஆயினும், தானே இயங்க இயலாத பிள்ளை உள்ள இல்லங்களில் கவலை ஒன்றேயாகும்: ‘நமக்குப் பின் யார் பார்ப்பார்?’ சொத்துச் சேர்ப்பதே இதற்கு விடை எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். சொத்து தேவையே, ஆனால் அது பிள்ளையின் நலனுக்குப் பயன்படுமா என்பதை முடிவு செய்வது, உரிய காலத்தில் செய்துவைத்த சட்ட ஏற்பாடாகும்.

பதினெட்டு வயது என்னும் எல்லை

கல்வியைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவாக உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையதெனச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கெனச் சிறப்புக் கல்விப் பணியைத் தொடங்கிய இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் 1972இல் இம்மாநகரில்தான் தோன்றியது.

இடர்ப்பாடு எழுவது பதினெட்டாம் பிறந்த நாளிலாகும். பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் நிலை பிள்ளை மேஜராகும்வரையே நீடிக்கும். அதன்பின் மகனுக்காகத் தாய் இடும் கையொப்பத்தை வங்கி ஏற்க வேண்டியதில்லை. இக்குறையைப் போக்கவே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கு இச்சட்டம் பொருந்தும். மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர் மட்டக் குழு, நீதிமன்றம் செல்லாமலேயே காப்பாளரை நியமிக்கலாம். நியமனம் பெற்றவர் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். கடமை தவறுபவரை நீக்கவும் வழியுண்டு. தாராவியும் மாதுங்காவும் மும்பை நகர மாவட்டத்தைச் சேர்ந்தவை. செம்பூர் மும்பைப் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே விண்ணப்பம் செல்லும் குழுவும் வேறுபடும்.

காப்பாளர் என்பவர் உரிமையாளர் அல்லர். தன்னால் இயன்ற முடிவுகளை மாற்றுத்திறனாளி தானே எடுக்க வேண்டும் என்பதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமாகும். அதனால்தான் அது இருவரும் கலந்து முடிவெடுக்கும் ‘வரையறுக்கப்பட்ட காப்பாளர்’ முறையை வகுத்துள்ளது.

மூவகை உடைமைகள்

ஒருவர் இறந்தபின் அவரது உடைமை எவ்வழி செல்லும் என்பது உடைமையின் தன்மையைப் பொறுத்தது. மூன்று பகுதிகளும் இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

தாராவியில் பெரும்பாலான குடும்பங்களின் உடைமை, நில உரிமைப் பத்திரம் இல்லாத ஓர் அறையாகும். மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்ததை நிறுவுவோர் இலவச மாற்று வீட்டிற்குத் தகுதி பெறுகின்றனர். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியோர் கட்டணம் செலுத்தி வீடு பெறலாம். ஆகவே இங்குச் சொத்து என்பது ஆவணமேயாகும். குடும்பத் தலைவர் இறந்ததும் பெயர் மாற்றம் செய்யாமல் விட்டால் பின்னர் வழக்கு எழலாம். ரேஷன் அட்டையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயர் விடுபட்டிருப்பின், அப்பிள்ளையின் பங்கை நிறுவுவது கடினமாகலாம்.

மாதுங்காவின் பழைய கட்டடங்களில் வாடகை உரிமையே பலருடைய உடைமை. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999இன்படி, வாடகைதாரர் இறக்கும்போது அவருடன் வசித்த குடும்ப உறுப்பினருக்கு அவ்வுரிமை சேரும். இத்தகைய உரிமையை உயில் மூலம் பிறருக்கு அளிக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. பெற்றோருடன் வசிக்கும் மாற்றுத்திறனாளிக்கு இது நன்மையே. ஆனால் அவர் உடன் வசித்ததற்குச் சான்றுகள் இருத்தல் வேண்டும்.

செம்பூரின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் ‘நாமினி’ பற்றிய தவறான எண்ணம் பரவலாக உள்ளது. நாமினியாகக் குறிக்கப்பட்டவரே வீட்டின் உரிமையாளர் எனப் பலர் நம்புகின்றனர். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், வாரிசுகள் உறுதியாகும்வரை நாமினியைத் தற்காலிக உறுப்பினராகவே ஏற்கிறது. ஆகவே நாமினிப் படிவம் உயிலுக்கு ஈடாகாது.

முதுமைக் காலம்

பிள்ளைக்கான ஏற்பாடு, பெற்றோரின் முதுமையோடு பிணைந்தது. மாற்றுத்திறனாளித் தங்கையைக் காக்கும்படி கூறி, வீட்டை மூத்த மகனுக்குத் தானமாக எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. வாய்மொழியாகக் கூறிய நிபந்தனையைப் பின்னர் நிறுவுவது எளிதன்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் சொத்தை அளித்து, அந்நிபந்தனை மீறப்பட்டால் அம்மாற்றத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் தருகிறது. அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருத்தல் பாதுகாப்பானது. இப்பிரிவு காப்பது பெற்றோரையே. தங்கையின் பாதுகாப்பிற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பியிருப்பதும் தவறாகும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அவ்வதிகாரமும் முடிவுறும். மறதி நோய் முற்றும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், அப்பத்திரம் பயனற்றுப்போகிறது. அந்நிலையில் காப்பாளர் நியமனத்திற்கு உயர் நீதிமன்றத்தை அணுக நேரிடுகிறது. எனவே ஏற்பாடுகள் அனைத்தும் அறிவுத் தெளிவு இருக்கும்போதே முடிக்கப்பட வேண்டும்.

உயிலும் அறக்கட்டளையும்

நோயோ குறைபாடோ காரணமாக எவரும் வாரிசுரிமையை இழப்பதில்லை என 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் (பிரிவு 28) கூறுகிறது. எனவே உயில் இன்றித் தந்தை இறப்பினும், மாற்றுத்திறனாளி மகளுக்கு மற்ற பிள்ளைகளுக்குரிய சமபங்கு உண்டு. ஆனால் பங்கு கிடைப்பது வேறு. அதனை ஆளும் ஏற்பாடு இருப்பது வேறு. காப்பாளர் இல்லாத பங்கினால் வீட்டை விற்கவும் இயலாது, அதன் வருவாயை மகளுக்காகச் செலவிடவும் இயலாது.

உயில் எழுதுவது எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமன்று, இரு சாட்சிகளின் கையொப்பம் மட்டும் இன்றியமையாதது. சொத்தைப் பிள்ளையின் பெயருக்கே நேரடியாக எழுதுவதைவிட, 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி, பிள்ளையைப் பயனாளியாகக் குறிப்பது நல்லது. காப்பாளராக ஒருவரும் பணப் பொறுப்பாளராக வேறொருவரும் அமைந்தால் ஒருவரையொருவர் கண்காணிக்க இயலும்.

சொத்தில்லாக் குடும்பங்களுக்கு ஓய்வூதியமே பெரும் பாதுகாப்பு. தானே பொருளீட்ட இயலாத மாற்றுத்திறனாளி மகனோ மகளோ, ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுப் பணியாளரின் குடும்ப ஓய்வூதியத்தை வாழ்நாள் முழுவதும் பெறலாம். 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும், நிரந்தர முழுக் குறைபாடு உடைய பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு. பணியில் உள்ளபோதே பிள்ளையின் விவரத்தை அலுவலகப் பதிவேட்டில் சேர்த்துவிடுதல் வேண்டும்.

வரிசை முறை

மேற்கூறியவற்றிலிருந்து ஏற்பாடுகளின் வரிசை தெளிவாகிறது. முதலில் குறைபாட்டுச் சான்று. அடுத்து ரேஷன் அட்டை முதலிய ஆவணங்களில் பெயர். பதினெட்டு வயது நிறைந்ததும், தேவைப்படின், காப்பாளர் நியமனம். பின்னர் ஓய்வூதியப் பதிவு. அதன்பின் உயிலும் அறக்கட்டளையும். இவற்றுள் முதல் நான்கிற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி அளிக்கிறது. எனினும் சட்டம் எழுத்தில் இருப்பதும் மக்கள் அதனை அறிந்திருப்பதும் ஒன்றல்ல. சிறப்புப் பள்ளியின் ஆசிரியர் பதினேழு வயது மாணவனின் பெற்றோருக்கு உள்ளூர் மட்டக் குழுவைப் பற்றி எடுத்துரைக்கலாம். தாராவியில் தகுதிப் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலர், வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா என வினவலாம். ஓய்வூதியப் பிரிவு எழுத்தர் படிவத்தில் விடுபட்ட பெயரைச் சுட்டிக்காட்டலாம். சட்டம் வழங்கிய பாதுகாப்பு, அதற்குரியவரைச் சென்றடைவது இத்தகைய சிறு கடமைகளால்தான்.