பெயரில்லாப் பாட்டில்

மதிய உணவைப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும். அன்று என் முறை. சத்துணவு மையத்தின் பொருள் அறைக்குள் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பான பாட்டில். உள்ளே இளமஞ்சள் திரவம்.

“என்னக்கா இது?”

“கழிப்பறை கழுவுற ஆசிட் டீச்சர். கேன்ல இருந்து கொஞ்சம் ஊத்தி வச்சேன்.”

“உங்களுக்குத் தெரியுது. நீங்க வராத அன்னைக்குச் சமைக்கிறவங்களுக்கு?”

சமையலர் உடனே அதை எடுத்துச் சென்றார். எனக்குத்தான் நடுக்கம் அடங்கவில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில், தொடக்கப்பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. இத்தனை நாள் சுவைத்துப் பார்த்துக் கையொப்பமிட்ட நான், பொருள் அறையை ஒரு நாளும் கவனித்ததில்லை.

மறுநாள் ஐந்தாம் வகுப்பில் ‘காலம்’ பாடம். வீட்டிலிருந்து காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தயாரித்த நாளையும், எத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தலாம் என்பதையும் படித்து, மாணவர்கள் இறுதி நாளைக் கணக்கிட்டனர்.

“புதிதாக வந்த பருப்பை எங்கே வைக்கலாம்?” என்று கேட்டேன். பலரும் “முன்னால்” என்றனர். மளிகைக்கடைக்காரரின் மகள் மறுத்தாள்.

“பழசைத்தான் டீச்சர் முன்னாடி வைக்கணும். இல்லைன்னா அது உள்ளேயே கிடந்து வண்டு வச்சிரும்.”

நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

பிறகு குழுக்களாக லேபிள் தயாரித்தனர். பொருளின் பெயர், வந்த நாள், பிரித்த நாள், இறுதி நாள் ஆகிய நான்கும் அதில் இருக்கும். சமையல் உதவியாளருக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. அதனால் ஒவ்வொன்றிலும் படமும் வரைந்தனர். உணவுப் பொருளுக்குப் பச்சைக் கரை. துப்புரவுப் பொருளுக்குச் சிவப்பு.

இப்போது எங்கள் மையத்தில் பின்பற்றுபவை:

• துப்புரவுப் பொருள்கள் அவை வந்த கலனிலேயே, தனி அலமாரியில், பூட்டி வைக்கப்படும்.
• பூச்சிமருந்து டப்பாவை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்துவதில்லை.
• அரிசி மூட்டைகள் பலகை மேல், சுவரை ஒட்டாமல் இருக்கும்.
• பெயர் ஒட்டாத எதுவும் அடுப்படிக்குப் போகாது.

சென்ற வாரம் சமையலரே வகுப்பு வாசலுக்கு வந்தார். “டீச்சர், புது மஞ்சள்தூள் பிரிச்சிருக்கேன். பிள்ளைங்களை லேபிள் எழுதித் தரச் சொல்லுங்க.”

சுவைத்துப் பார்க்கும் ஆசிரியர்கள், அதற்கு முன் பொருள் அறையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.