கதைப்பாடல் காத்த கோட்டைவீடு

ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் முற்காலத்தில் தனித்தனி அரசுகளாக விளங்கின. அவற்றின் எல்லைப்புறத்தில் ஏறத்தாழ 300 ஆண்டுகள் போரும் கொள்ளையும் ஓயவில்லை. இருபுறத்தாரும் இரவில் குதிரையேறிச் சென்று ஆநிரைகளைக் கவர்ந்தனர். வீடுகளுக்குத் தீ வைத்தனர். ஆகவே, அங்கு வாழ்ந்த நிலக்கிழார்கள் தம் வீட்டையே கோட்டையாகக் கட்டிக்கொண்டனர். எல்லைப்புற நிலக்கிழார்கள் காவல் மதில் எழுப்ப வேண்டும் என்று 1535ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது.

அத்தகைய கோட்டைவீடுகளுள் ஒன்று ஸ்மெயில்ஹோம். 15ஆம் நூற்றாண்டில் பிரிங்கிள் குடும்பத்தார் ஒரு பாறைக்குன்றின்மீது கோபுர வடிவில் இதனைக் கட்டினர். இதன் உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். கற்சுவர்களின் கனம் 2 மீட்டருக்கும் மிகுதி. கீழ்த்தளம் பண்டகசாலை, அதன்மேல் கூடம், அதற்கும் மேலே படுக்கையறைகள். மேல்தளங்களுக்குச் செல்லக் குறுகிய சுழற்படிக்கட்டு அமைந்திருந்தது. உச்சியில் புகைபோக்கியை ஒட்டிக் காவலனுக்கு ஓர் இருக்கை உண்டு. குளிர் இரவிலும் அவன் அங்கு அமர்ந்து எல்லையை நோக்கியிருப்பான்.

1603இல் இரு நாடுகளும் ஒரே மன்னரின்கீழ் வந்தன. எல்லையில் மெல்ல அமைதி பிறந்தது; கோட்டைவீட்டின் தேவையும் குறைந்தது. பின்னர் அது ஸ்காட் குடும்பத்தின் ஒரு கிளையினருக்கு உரிமையாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் குடியிருப்பாரின்றிப் பாழடையத் தொடங்கியது.

அக்காலத்தில்தான் வால்டர் ஸ்காட் என்னும் சிறுவன் அவ்வூருக்கு வந்தான். அவன் 1771இல் எடின்பரோ நகரில் பிறந்தவன். இளம்பிள்ளைவாதத்தால் அவனது வலக்கால் நலிந்தது. நல்ல காற்றில் உடல் தேறட்டும் என்று பெற்றோர் அவனைத் தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பினர். பண்ணைக்கு அருகிலேயே அக்கோபுரம் நின்றது. பாட்டியும் ஜேனட் அத்தையும் எல்லைப்புற வீரர்களின் கதைகளையும் பாடல்களையும் அவனுக்குச் சொல்லி மகிழ்வித்தனர்.

சிறுவன் வளர்ந்து எழுத்தாளரானார். எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்து 1802 முதல் நூலாக வெளியிட்டார். கோபுரம் சிதைவதைக் கண்டு, அதனைக் காக்குமாறு உரிமையாளரை வேண்டினார். கோபுரத்தைப் பற்றி ஒரு கதைப்பாடல் இயற்றித் தந்தால் காப்பேன் என்று அவர் கூறினாராம். வால்டர் இயற்றித் தந்தார். கோபுரம் இன்றும் நிற்கின்றது.

வால்டர் அவ்வீட்டில் பிறந்தவரல்லர். அதன் ஒரு கல்லும் அவருக்கு உரிமையன்று. பாட்டியும் அத்தையும் சொன்ன கதைகளே அவரிடம் இருந்தன. அக்கதைகளை அவர் மறக்கவில்லை.

அருஞ்சொற்பொருள்
ஆநிரை – பசுக்கூட்டம்
நிலக்கிழார் – நிலவுடைமையாளர்
கனம் – தடிப்பு

பயிற்சி
1. நிலக்கிழார்கள் வீட்டைக் கோட்டையாகக் கட்டியதன் காரணம் யாது?
2. கோட்டைவீட்டின் தேவை குறைந்தது ஏன்?
3. உம் பாட்டியோ தாத்தாவோ சொந்த ஊரைப் பற்றிச் சொன்ன கதை ஒன்றைக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.