ஓசை அடங்கிய நயாகரா

1848ஆம் ஆண்டு மார்ச் 29ஆந் திகதி இரவு. அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள நயாகரா நீர்வீழ்ச்சியின் இரைச்சல் திடீரென அடங்கிற்று. இரைச்சலுக்குப் பழகியிருந்த ஊரார் அந்த அமைதியினாலேயே விழித்துக் கொண்டனராம்!

ஈரி வாவியின் பனிக்கட்டிகள் காற்றினால் தள்ளுண்டு, தண்ணீர் ஆற்றில் இறங்கும் வாயிலை அடைத்துவிட்டன. ஆலைகள் நின்றன. உலக முடிவு வந்ததென அஞ்சிப் பலர் ஆலயங்களுக்கு விரைந்தார்கள். துணிந்தவர்களோ வற்றிய ஆற்றில் இறங்கி நடந்தார்கள். அங்கே அவர்கள் எவற்றைக் கண்டெடுத்தார்கள் தெரியுமா? 1812இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் மூண்ட போரில் வீழ்ந்த துப்பாக்கிக் குழல்களையும் கைக்கோடரிகளையும்! முப்பது வருடங்களுக்கு மேல் அவற்றை ஆறு மறைத்து வைத்திருந்தது.

31ஆந் திகதி இரவு பனித்தடை உடைந்தது. பழைய இரைச்சல் திரும்பியது. ஊரார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.