பொறுப்பு யாருடையது?

கேள்வி: உரக்கடை வைத்திருக்கிறேன். பில், கடன் பாக்கி, விவசாயிகளின் ஆதார் நகல் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பாதுகாப்பை வெளியே ஒரு கம்பெனியிடம் விட்டுவிட்டால் கவலை தீருமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: வேலையை விடலாம், பொறுப்பை விட முடியாது. 2024 ஜூலை இறுதியில், வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானதும், அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் முடங்கியது. 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொறுப்பை உங்கள் மீதே வைக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம், ஏதாவது நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று பாதுகாப்புக் கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். அட்மின் பாஸ்வேர்ட் உங்களிடமும் இருக்கட்டும். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள்; மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். குறுவை நேரத்தில் கணக்கு திறக்காவிட்டால் விவசாயிக்கும் கஷ்டம்.

ஆதார் நகல் எதற்கு? விற்பனைக்குப் பிஓஎஸ் கருவியில் ஆதார் எண்ணைப் பதிந்து விரல் வைத்தால் போதுமே. அவற்றை இன்றே அழித்துவிடுங்கள்.