குரங்கு என்ன தின்கிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் எடுத்திருக்கிறேன் என்றதும் கடம்பத்தூரில் என் ஆயா கேட்டார்: "குரங்கு இன்னா துன்னுதுன்னு படிக்கவா தெனம் ரயிலேறிப் போற?" அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது வீண் கேள்வி அன்று.

நம் பக்கத்தில் காண்பது நாட்டுக் குரங்கு. கிடைத்ததைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு, வேறிடம் போய் மென்று, கொட்டையைத் துப்பும். அதனால் மரத்தின் விதை தாய்மரத்தை விட்டுத் தள்ளி விழுகிறது. ஆனால் காட்டுக்குள் வாழும் குரங்குகளின் கதை வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் கருமந்தி என்ற கறுப்பு முசு உண்டு. அது பெரும்பாலும் இலை தின்று வாழ்வது. சுற்றிலும் இலைதானே, அதற்கென்ன கவலை என்று நினைக்கலாம். மரம் தன் இலையை இலவசமாகக் கொடுப்பதில்லை. முற்றிய இலையில் நாரும் துவர்ப்பொருளும் ஏறிவிடும். சிலவற்றில் நஞ்சும் உண்டு. கருமந்தியின் வயிறு பல அறைகளாகப் பிரிந்தது. முன்னறையில் வாழும் பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கவைத்துச் சிதைக்கின்றன. சில நஞ்சுகளையும் முறிக்கின்றன. மாட்டைப் போலத்தான், ஆனால் அசை போடுவதில்லை. இனிப்பான கனிந்த பழம் நிறையத் தின்றால் இந்த வயிற்றில் அமிலம் மிகும் என்பர். அளவுக்கு மீறிச் சோறு தின்ற மாட்டுக்கு வயிறு உப்புவதை மாடு வைத்திருப்பவர் அறிவர்.

மாஞ்சோலைக்கு மேலுள்ள காக்காச்சியில் ஜான் ஓட்ஸ் என்பவர் கருமந்திகளைப் பின்தொடர்ந்து, அவை தின்ற இலைகளையும் தின்னாத இலைகளையும் வேதியியல் முறையில் சோதிக்கச் செய்தார். முடிவு 1980இல் வெளிவந்தது. கண்ணெதிரே மலிந்து கிடந்த மரங்களின் முற்றிய இலைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, நார் குறைந்து எளிதில் செரிப்பவற்றையே அவை நாடின. நாம் 'காடு' என்று மொத்தமாகச் சொல்வது கருமந்திக்குச் சில மரங்களும் சில வாரத் துளிர்களும்தான்.

அதே காட்டில் சிங்கவால் குரங்கு. இதற்கு அந்த வயிறு இல்லை. பழம், விதை, பூ, பூச்சி என்று ஆண்டு முழுவதும் தேடியாக வேண்டும். பழம் அருகும் மாதங்களில் கைகொடுப்பது வெடிப்பலா மரம். பலா என்ற பெயர் இருந்தாலும் இது துரியன் பழத்தின் உறவு. கிளைகளிலேயே கொத்தாகப் பூக்கும் சதைப்பற்றுள்ள பூவைத் தின்னும். பின்னர் முள் நிறைந்த காயைப் பிளந்து விதையைத் தின்னும். கபிலர் ஐங்குறுநூற்றில் குரங்குக்கென்றே ஒரு பத்துப் பாடியவர். அவர் குறிஞ்சியில் மந்தியும் மரமும் பிரியாமல் வருவதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

வெடிப்பலா குறைந்தால் இந்தக் காட்டுச் சிங்கவாலுக்குத் திண்டாட்டம்தான். இக்குரங்குக்காகவே 1976இல் களக்காடு சரணாலயம் அமைந்தது. அணைத் திட்டத்திலிருந்து அமைதிப் பள்ளத்தாக்கு தப்பி 1984இல் தேசியப் பூங்காவானதிலும் இதன் பெயருக்குப் பங்குண்டு. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்திலோ, தேயிலைக்கு நடுவே துண்டாய் எஞ்சிய காட்டில் வாழும் கூட்டம் சாலைக்கும் வீட்டுக் கூரைக்கும் வந்துவிட்டது.

கூரைக்கு வருவது நமக்குப் புதிதா? சென்ற கோடையில் பத்து நாள் ஏரிக்கரை ஆலமரத்தடியில் நோட்டுடன் உட்கார்ந்து, நாட்டுக் குரங்குகள் தின்றதைக் குறித்தேன். ஆலம்பழம், புளியந்துளிர், வேப்பம்பழம், அறுகம்புல், வேர்க்கடலை, யாரோ வீசிய பிஸ்கட். பிஸ்கட் விழுந்த நாளில் ஒன்றுகூட மரமேறவில்லை.

பட்டியலை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "களாக்காய எழுதலியே" என்றார். கரை முழுக்கக் களாச்செடி இருந்ததாம். அது காய்த்திருக்கும் வரை குரங்கு கொல்லைப் பக்கமே வராதாம். பத்து நாளும் அந்தக் கரையில் நான் ஒரு களாச்செடியைக்கூடப் பார்க்கவில்லை.