‘ஆளி’ என்று முடியும் சொற்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

முதலாளி என்றால் ‘முதல் ஆள்’ என்று பொருளா எனக் கேட்டு எழுதியிருந்தாய். இல்லையம்மா. பிரிக்கும் இடம் தவறினால் பொருளும் தவறிவிடும். அது முதல் + ஆளி. ‘போட்ட முதல்கூடத் திரும்பவில்லை’ என்று வியாபாரிகள் சொல்வார்களே, அந்த முதல்தான் இது. முதலை உடையவர் முதலாளி; தொழிலை உடையவர் தொழிலாளி. மலையாளத்திலும் இவ்விரு சொற்களும் இதே பொருளில் வழங்குகின்றன.

ஆளி, ஆளன், ஆளர் ஆகிய ஈறுகளுக்கு ‘ஆள்’ என்னும் வினையே வேர். நாட்டை ஆள்வது மட்டுமல்ல, ஒன்றைத் திறம்படப் பயன்படுத்துவதும் ஆள்வதுதான். கருவியைக் கையாள்கிறோம், மேற்கோளை எடுத்தாள்கிறோம், சொல்லைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லாட்சி என்கிறோம். எழுத்தை ஆள்பவர் எழுத்தாளர், பேச்சை ஆள்பவர் பேச்சாளர்.

இந்த ஈறு ‘உடையவர்’ என்ற பொருளுக்கும் விரிந்திருக்கிறது. நோயை யாரும் ஆள்வதில்லை. ஆனாலும் நோயாளி என்கிறோம். கடனாளியும் அப்படித்தான். பங்காளியைப் பார். குடும்பச் சொத்தில் பங்கு உடையவர் பங்காளி. அதனால்தான் உன் அப்பாவும் சித்தப்பாவும் பங்காளிகள். தாய்மாமனான நான் அந்த வரிசையில் வரமாட்டேன். உறவுமுறையும் சொத்துரிமையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

‘ஆள்’ என்பதோடு ‘மை’ சேரும்போது ஆண்மை ஆகும். உள் + மை, உண்மை ஆவது இதே புணர்ச்சிதான். மேலாளர் செய்வது மேலாண்மை. அதில் வரும் ‘ஆண்’ ஆண்பாலைக் குறிப்பதல்ல. ஆளும் திறத்தைக் குறிப்பது. மேலாண்மை படிக்கப்போகும் நீ இதை மறக்காதே.

இன்னொன்றையும் கவனி. வேலைக்காரர், பணியாளர் இரண்டும் வேலை செய்பவரைத்தான் சொல்கின்றன. ஆனால் முன்னதில் ஏவலின் வாடை இருக்கிறது. பின்னதில் மதிப்பு இருக்கிறது. ஊனமுற்றோர் என்று எழுதிவந்த இடத்தில் இன்று மாற்றுத்திறனாளி என்று எழுதுகிறோம். தமிழ்நாடு அரசின் துறைப் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. குறையைச் சொன்ன இடத்தில் திறனைச் சொல்ல இந்த ஈறு உதவியிருக்கிறது. வாக்காளர், வேட்பாளர், ஒருங்கிணைப்பாளர், ஒளிப்பதிவாளர் என்று புதிய தேவைகளுக்கும் அது சளைக்காமல் சொல் தருகிறது.

நாளைய செய்தித்தாளில் இப்படி முடியும் சொற்களை எல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார். அவர் எதை ஆள்கிறார், எதை உடையவர் என்று கேள். அகராதியைத் தேடாமலே பல சொற்கள் விளங்கும். அதோடு, உங்கள் தெருவைக் கூட்ட வருகிறவரைப் பற்றிப் பேசும்போது தூய்மைப் பணியாளர் என்றே சொல். மொழியைக் கற்பது மனிதரை மதிக்கவும்தான்.

அன்புடன்,
உன் மாமா